சார்ல்ஸ்டனில் வயதான பெற்றோருக்குப் பார்க்கவும் சாப்பிடவும் என்ன இருக்கிறது?

"பழைய வீடுகளைத் தவிர சார்ல்ஸ்டனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குச் சாப்பாடும் கிடைக்காதாம். பேசாமல் மிர்ட்டில் பீச் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்துக் கடலோர ஊர்கள். நான் பக்கத்து மாநிலமான வடக்கு கரோலினாவில், சார்லட் நகரில் இருக்கிறேன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்த நீளப் பதில்.

சார்ல்ஸ்டன் நெல்லால் செழித்த ஊர். கடற்கரையோரம் வரிசையாக நிற்கும் அந்த மாளிகைகளில் பலவற்றைக் கட்டிய பணம் நெல்லிலிருந்து வந்தது. உங்கள் பெற்றோர் வயலைத் தெரிந்தவர்கள் என்றால், கணினி முன் உட்கார்ந்து பிழைக்கும் நம்மைவிட அந்த ஊர் அவர்களுக்கு நன்றாகப் புரியும். என் அப்பா நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடைமடை விவசாயி. அவரோடு போன பிறகுதான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நகரிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய பண்ணை இருக்கிறது. ஆஷ்லி ஆற்றங்கரையில் 1741-ல் தொடங்கிய தோட்டம். எல்லோரும் அங்கே பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பூக்களைத் தாண்டி நேராகக் கீழே இறங்கிவிட்டார். அங்கே பார்வையாளர்களுக்காக ஒரு சிறிய வயலில் 'கரோலினா கோல்ட்' என்ற பழைய நெல்லைப் பயிரிட்டிருக்கிறார்கள். வரப்போரம் குந்தி உட்கார்ந்து, பயிரின் நிறத்தையும் தூரையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ஆற்றில் கடல் தண்ணீர் ஏறுமே, அப்போது என்ன செய்வார்களாம், கேள்" என்றார்.

நான் மொழிபெயர்த்துக் கேட்டதும் வழிகாட்டிப் பெண்மணியின் முகம் மாறிவிட்டது. இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு மேலே எழும்பும். அந்த நேரத்தில் கரையில் பதித்த மர மதகைத் திறந்து வயலுக்குள் தண்ணீர் விடுவார்கள். இறக்கத்தின்போது வடித்துவிடுவார்கள். உப்பு எட்டாத தூரம் பார்த்துத்தான் வயல் அமைப்பார்கள். மழை பொய்த்தால் உப்பு மேலே ஏறிவிடும். அப்பா தலையை ஆட்டி, "எங்கள் பக்கம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் திறப்போம் என்று சொல்" என்றார். அவர்கள் இருவரும் நான் நடுவில் நிற்பதையே மறந்து, கையால் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் அவர் கேட்டது கூலியைப் பற்றி. சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் கரை போட்டவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். எல்லாம் மண்வெட்டியும் கையும்தான். கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் நகரத்துக்குப் போய்விடுவார்கள். வேலை செய்தவர்கள் சேற்றிலேயே கிடந்தார்கள். கூலி கிடையாது என்று சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் அப்பா பண்ணையாட்களைப் பற்றிப் பேசினார். தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பால், சவுக்கடி, 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது தன் தாத்தா வீட்டில் நடந்த சண்டை. கீழ்வெண்மணியைப் பற்றியும் சொன்னார். எங்களிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"பெற்றவர்களை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போய் அடிமை வரலாற்றையா காட்டினாய்?" என்று என் சொந்தத்திலேயே கேட்டார்கள். இங்கும் யாராவது கேட்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கப்பலில் சங்கிலியிட்டுக் கொண்டுவந்து சந்தையில் விற்றதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மாளிகை, குதிரை வண்டி, ஐஸ்கிரீம் என்று மட்டும் காட்டினால் ஊரின் பாதியைத்தான் காட்டியிருக்கிறோம். வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நாமாக ஏன் முடிவு செய்ய வேண்டும்?

அதனால் 2023-ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தை விடாதீர்கள். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற காட்ஸ்டன் துறையிலேயே கட்டியிருக்கிறார்கள். கட்டடம் தரையைத் தொடாமல் தூண்கள் மேல் நிற்கிறது. அடியில், கப்பலில் அடுக்கப்பட்டுக் கிடந்த மனித உருவங்களைத் தரையில் பொறித்து, மேலே தண்ணீர் ஏறி வடியும்படி செய்திருக்கிறார்கள். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

சிட்டி மார்க்கெட்டில் சுவீட்கிராஸ் என்ற புல்லில் கூடை பின்னும் கல்லா இனப் பெண்களைப் பார்க்கலாம். கல்லா மக்கள் அந்த நெல் வயல்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். அங்கே அகலமான தட்டைக் கூடை ஒன்றை அம்மா எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் புடைப்பதுபோல் ஒரு தட்டு தட்டினார். கடைக்கார அம்மா எழுந்து வந்து, தானும் ஒன்றை எடுத்து அதேபோல் தட்டிக் காட்டினார். அது நெல் புடைக்கும் முறமேதான். விலை அதிகம், நூற்றுக்கணக்கான டாலர் வரை போகும். பேரம் பேசாதீர்கள். ஒரு கூடைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று நின்று பார்த்தாலே தெரியும்.

மற்றவை வழக்கமானவை. ரெயின்போ ரோவின் 13 வண்ண வீடுகள், 'பேட்டரி' என்ற கரையோர நடைபாதை, 1861-ல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த சம்டர் கோட்டைக்குப் படகு. வீடுகளின் குறுகிய பக்கம் தெருவைப் பார்த்திருக்கும், நீளமான தாழ்வாரம் காற்றுக்காகப் பக்கவாட்டில் ஓடும். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்தது.

இனி சாப்பாடு. "நமக்கு ஒன்றும் கிடைக்காது" என்று ஓட்டல் அறைக்குக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டின் அடிப்படையே சோறு. ரெட் ரைஸ் என்பது தக்காளியில் வெந்த சோறு. ஹாப்பின் ஜான் என்பது காராமணிச் சோறு. வெண்டைக்காய் சூப் உண்டு, எள் பிஸ்கட் உண்டு. அப்பா ஹானிபல்ஸ் கிச்சனில் நண்டுச் சோறு சாப்பிட்டார். வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கிப் போட்டது. ஊருக்குப் போன் செய்து அதைப் பற்றித்தான் பேசினார்.

அம்மா சைவம். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த உணவுகளில் பெரும்பாலானவற்றில் பன்றி இறைச்சி கலந்திருக்கும், கீரையில்கூட. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. பேக்கன், பன்றிக் கொழுப்பு, கோழி வேகவைத்த நீர் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சோள நொய்யில் செய்யும் கிரிட்ஸுக்கும் கேட்க வேண்டும். அம்மா வறுத்த பச்சைத் தக்காளி, சோள ரொட்டி, வெண்ணெய் தடவிய, பன் போன்ற அமெரிக்க பிஸ்கட், பட்டர் பீன்ஸ் என்று நிறைவாகவே சாப்பிட்டார். கரோலினா கோல்ட் சோறு கிடைக்கும் கடை இருந்தால் விலை பார்க்காமல் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுங்கள். அழியும் நிலையில் இருந்த அந்த நெல்லை 1980களில் சவானா ஊர்க் கண் மருத்துவர் ஒருவர் அரசு விதை வங்கியிலிருந்து வாங்கி மறுபடி பயிரிட்டார். இதைச் சொன்னதும் அப்பா, "நம் நெல் ஜெயராமன் மாதிரி" என்றார்.

சால்மர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம் இருக்கிறது, அதுவும் இப்போது அருங்காட்சியகம்தான். ஆனால் தெரு முழுக்க உருண்டைக் கல். பெற்றோரைக் கையைப் பிடித்து நடக்க வையுங்கள். அப்பாவுக்கு அங்கே முழங்கால் வீங்கி, அவசரச் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அவருக்காக எடுத்திருந்த பயணக் காப்பீட்டுக்காரர்கள் "ஏற்கெனவே இருந்த நோய்" என்று ஒரு டாலர்கூடத் தரவில்லை. முழங்காலுக்கு மாத்திரைகூடப் போடாத மனிதர் அவர்! பெற்றோர் ஆசையாகப் பார்க்க வருவதை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள், கேட்பாரில்லை. நீங்கள் எடுக்கும்போது, வந்தபின் திடீரென்று ஏற்படும் உபாதைக்குப் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள், புழுக்கமும் கொசுவும் வாட்டிவிடும். அக்டோபர் கடைசி நல்லது. கடல்தான் வேண்டுமென்றால் அதற்காக மிர்ட்டில் பீச் வரை போக வேண்டாம். நகரிலிருந்து அரை மணி நேரத்தில் ஃபாலி பீச் இருக்கிறது. மிடில்டன் பிளேசை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கால் வலி வருவதற்கு முன்.