கேளுங்க பாஸ்: முகலாயர் கதை முடிஞ்சது எப்படி?

கே: ஸ்கூல் புக்ல ஔரங்கசீப் வரைக்கும் பக்கம் பக்கமா இருக்கு, அடுத்த பாடத்துல பிரிட்டிஷ்காரன் வந்துடுறான். அவ்ளோ பெரிய ராஜ்ஜியம் எப்படி சார் பொசுக்குனு போச்சு? அவரோட மதவெறிதான் காரணம்னு எங்க வீட்ல அடிச்சு சொல்றாங்க. (திண்டிவனம் வாசகர்)

ப: வீட்ல சொல்றதும் பாதி சரிதான், 1679ல ஜிஸியா வரியை (முஸ்லிம் அல்லாதவங்க கட்ட வேண்டிய வரி) திரும்ப போட்டாரு, ராஜபுத்திரர்களோட மல்லுக்கு நின்னாரு, பகை வளராம என்ன செய்யும். ஆனா அதே ஆளோட படையில ராஜபுத்திரரும் மராத்தியரும் கடைசி வரைக்கும் பெரிய பதவியில இருந்தாங்களே! என்னைக் கேட்டா சம்பளப் பிரச்சனையைத்தான் முதல்ல சொல்வேன். முகலாய அதிகாரிங்க பெரும்பாலானவங்களுக்கு கையில காசு கிடையாது, இன்ன ஊர் வரியை நீ வசூல் பண்ணிக்கோன்னு ஜாகிர் குடுப்பாங்க, அதையும் சில வருஷத்துல மாத்திடுவாங்க. 1686ல பீஜப்பூர், 1687ல கோல்கொண்டான்னு பிடிச்சதும் அங்க இருந்த பிரபுக்களுக்கும், கட்சி மாறி வந்த மராத்தியருக்கும் பதவியை அள்ளிக் குடுத்தாரு. பதவி சரி, ஜாகிர் எங்க? வருஷக்கணக்கா காத்துக் கிடந்து ஒண்ணு கிடைச்சவன், அடுத்து எப்ப பிடுங்குவாங்களோன்னு குடியானவனை கசக்கிப் பிழிஞ்சுட்டான். (நிலம் பத்தாம போகல, நல்ல ஊரையெல்லாம் ஔரங்கசீப் கஜானாவுக்கே வச்சுக்கிட்டாருன்னு வாதாடுற ஆய்வாளர்களும் உண்டு.)

உங்க ஊர் பக்கத்து செஞ்சிக் கோட்டையையே பாருங்க, உள்ள சிவாஜி மகன் ராஜாராம், வெளிய முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான், 1690ல ஆரம்பிச்ச முற்றுகை 1698லதான் முடிஞ்சுது! மராத்தியத் தளபதிங்க சாந்தாஜியும் தனாஜியும் வர்ற சப்ளையை எல்லாம் மடக்குனதுல கோட்டையைச் சுத்தி நின்ன முகலாயப் படையே சோத்துக்கு அல்லாடுச்சு, நடுவுல பாதுஷா ஔரங்கசீப்போட சொந்த மகன் காம்பக்ஷ் ராஜாராம் கூட ரகசியமா பேசுறாருன்னு தளபதிங்களே இளவரசரைக் கைது பண்ணிட்டாங்க, ஜுல்பிகர் கானே வேணும்னுதான் இழுத்தடிக்கிறாருன்னும் ஒரு பேச்சு. கோட்டை விழுந்தப்போ ராஜாராம் உள்ள இல்ல, எப்பவோ எஸ்கேப். 1681ல தெற்க வந்த ஔரங்கசீப் வடக்க திரும்பவே இல்ல, 1707ல அகமதுநகர்ல செத்தாரு.

கே: அப்போ டெல்லிக்கு மரியாதை 1707லேயே போயிடுச்சா? (கோவை வாசகி)

ப: அதிகாரம் போச்சு மேடம், பேரு போகல. 1719 ஒரே வருஷத்துல சிம்மாசனத்துல நாலு பேர் மாறுனாங்க, 1739ல பாரசீக ராஜா நாதிர் ஷா வந்து மயிலாசனத்தையே தூக்கிட்டுப் போனான். வங்காளம், அவத், ஹைதராபாத்னு அவனவன் தனியா ஆள ஆரம்பிச்சாலும், நான்தான் ராஜான்னு மட்டும் சொல்லிக்கல, பாதுஷா பேர்லதான் ஆண்டாங்க. மெட்ராஸ்ல கிழக்கிந்திய கம்பெனி அடிச்ச ஆற்காடு ரூபாய்ல கூட முகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பேருதான் இருக்கும், இத்தனைக்கும் அவரை 1759லேயே கொன்னுட்டாங்க. 1835ல பிரிட்டிஷ் ராஜா நாலாம் வில்லியம் தலை போட்ட ரூபாய் வந்தப்போதான் கம்பெனிக்காரன் காசுல இருந்து பாதுஷா பேரு போச்சு.