அதிபரின் குறிப்பேட்டில் இருப்பது

மதிப்புக்குரிய ஐயா,

கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆறு ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். புதிய அதிபர் பொறுப்பேற்றதிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று தடவை வகுப்பறைக்கு வருகிறார். வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விடுகிறார். என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். எனக்குப் பாடம் தடுமாறிப்போகிறது. அதிபரின் மேற்பார்வையால் ஆசிரியரின் கற்பித்தல் உண்மையில் மேம்படுமா?

ஓர் ஆசிரியை, கொழும்பு 13

அன்புள்ள ஆசிரியைக்கு,

மேம்படும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதமான மேற்பார்வையால் மேம்படும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜேசன் கிரிசம், சுசானா லோப், பெஞ்சமின் மாஸ்டர் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மயாமிப் பகுதியில் ஏறத்தாழ 100 அதிபர்களின் வேலைநாளை முழுமையாக அவதானித்து, 2013ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆசிரியர்களை நெறிப்படுத்துவதிலும் கலைத்திட்டத்தை வளர்ப்பதிலும் கூடிய நேரம் செலவிட்ட அதிபர்களின் பாடசாலைகளில் மாணவர் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. வகுப்பறைகளுக்குள் சிறிது நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போவதில் கூடிய நேரம் செலவிட்டவர்களின் பாடசாலைகளிலோ, குறிப்பாக உயர்நிலை வகுப்புகளில், அது குறைவாகவே காணப்பட்டது. அந்த வருகைகளைத் தங்கள் வாண்மை விருத்திக்கான வாய்ப்பாக ஆசிரியர்கள் கருதாத இடங்களில்தான் இந்த நிலை கூடுதலாகத் தெரிந்தது என்பதை உங்கள் கடிதத்தோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நானும் கொழும்பில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்தவன். ஒரு பாடசாலையில் பாடக்குறிப்புப் புத்தகத்தைத் திங்கட்கிழமை தோறும் மேசையில் வைப்போம்; ஒப்பமும் திகதியும் இடப்பட்டு அது திரும்பி வரும். ஒரு முறை, வேண்டுமென்றே சென்ற வாரக் குறிப்பையே மீண்டும் எழுதி வைத்தேன். ஒப்பம் வந்தது. அன்றிலிருந்து நான் குறிப்பு எழுதியது ஒப்பத்துக்காகவே, பிள்ளைகளுக்காக அல்ல. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பின்னர் மாற்றலாகிப் போன பாடசாலையில் வேறோர் அதிபர் இருந்தார். முதல்நாளே வந்து, "நாளை மூன்றாம் பாடவேளை இருக்கலாமா? எதைப் பார்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். பிள்ளைகள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்றேன். மறுநாள் கடைசி வாங்கில், ஒரு மாணவனுக்குப் பக்கத்தில், நாற்பது நிமிடமும் அமர்ந்திருந்தார். இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து ஒரு தாளை என் முன் வைத்தார். வகுப்பின் வாங்குகளைச் சதுரங்களாக வரைந்து, நான் கேள்வி கேட்ட ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் ஒரு கோடு போட்டிருந்தார். கோடுகள் எல்லாம் முன் இரண்டு வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. யன்னலோர வரிசையில் ஒன்றுகூட இல்லை. அவர் குறை எதுவும் சொல்லவில்லை; "இந்த வரிசைப் பிள்ளைகளின் பெயர்கள் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நால்வரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டு அனுபவம் எனக்குக் காட்டாததை அந்தத் தாள் காட்டியது.

அவரும் நிர்வாகச் சுமை இல்லாத அதிபர் அல்லர். வலயக் கல்வி அலுவலகம் கேட்கும் படிவங்கள், வராத ஆசிரியருக்குப் பதில் ஏற்பாடு, முதலாம் தர அனுமதிக்காக வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என எல்லாம் அவருக்கும் இருந்தன. ஆனாலும் எல்லா வகுப்புகளுக்கும் ஐந்து நிமிடம் பகிர்வதைவிட, வாரத்துக்கு ஒரு வகுப்பில் முழுப் பாடவேளையும் இருப்பதையே அவர் தெரிந்தெடுத்தார். அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969இல் முன்வைத்த மேற்பார்வை முறையும், அவதானிப்புக்கு முன்னும் பின்னும் ஆசிரியரோடு உரையாடுவதை அதன் பிரிக்க முடியாத படிகளாகவே வைத்திருந்தது. உங்கள் அதிபரிடம் குறிப்பேடு இருக்கிறது. அந்த உரையாடல்தான் இல்லை.

அவர் கெட்ட நோக்கத்தோடு வருகிறார் என்று நான் நினைக்கவில்லை. வாரத்தில் இத்தனை தடவை வகுப்பறைப் பக்கம் வருகிற அதிபர்கள் நம்மிடையே அதிகம் இல்லை. ஆகவே நீங்களே முதலில் போய்க் கேளுங்கள். உங்களுக்குக் கடினமாக இருக்கும் ஒரு பாடத்தையும் அதில் அவர் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விடயத்தையும் சொல்லி, முழுப் பாடவேளையும் இருக்கும்படியும், அன்றே பத்து நிமிடம் பேசும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள். அவர் வரும்போது எழுந்து நிற்க வேண்டாமென்று பிள்ளைகளிடம் முதல்நாளே சொல்லிவிட்டு, கடைசி வாங்கில் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.