பெருநகரில் தனியாக வாழ்பவர்கள் துணை தேடுவதை நிஜமாகக் காட்டிய படம் எது?

'லைஃப் இன் எ மெட்ரோ'. 2007ல் அனுராக் பாசு எடுத்தது. இந்திப் படத்தைச் சொல்கிறானே என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம், தமிழ்ப் படமும் வாராவாரம் பார்ப்பவன்தான். நம் படங்களில் பெரும்பாலும் ஹீரோவுக்குக் காதல், நண்பனுக்குக் காமெடி. இதில் எட்டு ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு தவிப்பைப் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் சென்னைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்று நினைக்கிறேன். நான் அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மூன்றாவது மாடி, ஒரு ரூமுக்கு மூன்று பேர். படத்தில் ஷர்மன் ஜோஷி, பிரமோஷனுக்காகத் தன் பிளாட் சாவியை ஆபீஸ் பெரிய மனுஷர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பார். (1960ல் வந்த பில்லி வைல்டர் படத்திலிருந்து எடுத்தது என்று தெரியும், கமெண்டில் வந்து பாடம் எடுக்காதீர்கள்.) அதைப் பார்த்து என் ரூம்மேட், "தனி சாவியாடா! குடுத்து வச்சவன்" என்று பெருமூச்சு விட்டான். எங்கள் சாவி கீழே மேனேஜர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கூடப் பிறந்த தங்கச்சி வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும்.

என்னைப் பிடித்துக்கொண்டது இர்ஃபான் கான் காட்சி. மேட்ரிமோனியில் பார்த்த மாப்பிள்ளை அவர். முதல் சந்திப்பிலேயே அவர் கண் போன இடம் பிடிக்காமல் கொங்கணா சென் சர்மா வேண்டாம் என்றுவிடுவார். பிறகு ஒருநாள் இர்ஃபான் அவரை ஒரு உயரமான மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், மனசில் இருப்பதையெல்லாம் கத்தித் தீர்த்துவிடு என்பார்.

எங்கள் ஆபீஸில் ஒருத்தங்க இருந்தாங்க. பெயர் வேண்டாம். எட்டு மாதம் எதிர் சீட். மதியம் அவங்க எலுமிச்சை சாதத்தில் பாதி என் டிபன் பாக்ஸ் மூடிக்கு வந்துவிடும். நான் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா சாப்பிட்டேன். 2008 கோடையில் ஒருநாள் பத்திரிகை வைத்தாங்க. கவரில் என் பெயரும், பக்கத்திலேயே 'குடும்பத்துடன்' என்றும் எழுதியிருந்தது. மூன்று பேர் ரூமில் எனக்கு எங்கே குடும்பம்?

அன்றைக்குச் சேப்பாக்கத்தில் ஐபிஎல். முதல் வருஷம். ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். கொடி முழுக்க லுங்கியும் பனியனும். ஸ்டேடியம் லைட் வெளிச்சம் வானத்தில் தெரிந்தது. கூட்டம் கத்துகிற நேரம் பார்த்து நானும் கத்தினேன், அப்போதுதான் யாருக்கும் கேட்காது என்று ஒரு கணக்கு. கேட்டுவிட்டது. தண்ணீர் டேங்குக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "யாருண்ணே அவுட்டு?" என்றான். "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு, காயாத பனியனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சினிமா பார்த்து அதே மாதிரி செய்வது பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். செய்யாத ஆள் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

2025ல் அதே இயக்குநர் 'மெட்ரோ இன் தினோ' எடுத்தார். மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு எல்லாம் உண்டு, சென்னை மட்டும் இல்லை. நமக்கெல்லாம் தனிமை கிடையாது என்று நினைத்துவிட்டார் போல. ஒருவகையில் சரிதான், தனியாக இருக்க இங்கே யார் வீடு கொடுக்கிறார்கள்? 44 வயசிலும் 'பேமிலியா, பேச்சுலரா?' என்றுதான் முதல் கேள்வி. பத்து மாத அட்வான்ஸை மட்டும் பேச்சுலரிடம் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள். கரண்டுக்கு யூனிட் கணக்கு அவர்கள் சொல்வதுதான். இப்போது இருக்கும் வீட்டில் மொட்டை மாடிக்குப் பூட்டு வேறு. சாவி ஹவுஸ் ஓனர் அம்மாவிடம். அவங்க வடகம் காயப்போடும் நாளில் மட்டும் திறந்திருக்கும்.