வாடகை ஃபிளாட்டோட வாசலை நம்ம வாசல் மாதிரி ஆக்குறது எப்படி?

"கதவைத் திறந்தா சின்ன இடம்தான், அதுவும் வாடகை வீடு. வர்றவங்களுக்கும் நல்லா இருக்கணும், நம்ம எப்படிப்பட்ட ஆளுன்னும் தெரியணும், என்ன பண்ணலாம்?"னு கேட்டிருக்கீங்க. நானும் அதே கேஸ்தான். சென்னையில மூணாவது மாடி, உள்ள நுழைஞ்சதும் நாலடிக்கு அஞ்சடி இடம், அதைத் தாண்டினா ஹால்.

குடிவந்த புதுசுல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். ஆன்லைன்ல ஒரு புத்தர் தலை, கரண்ட்ல ஓடுற குட்டி நீரூற்று, வெல்கம்னு எழுதின மரப் போர்டு, பிளாஸ்டிக் செடி, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். ஒரு வருஷம் ஆச்சு, வந்தவங்க ஒருத்தர் கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலும் என்ன சொல்லிருப்பேன், காலையில காபி லேட்டானா வீட்டையே ரெண்டாக்குற ஆளு நான், எனக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்.

அதனால பொருள் வாங்குறதுக்கு முன்னாடி செருப்பைப் பாருங்க. நெஜமாத்தான் சொல்றேன். வர்றவங்க வாசல்ல முதல்ல பண்ற வேலை செருப்பைக் கழட்டுறது. எங்கம்மாவுக்கு முட்டி வலி, ஒத்தக் கால்ல நின்னு சுவத்தைப் புடிச்சுக்கிட்டு பக்கிளைக் கழட்டுவாங்க, அந்த இடத்துல சுவத்துல கை அழுக்கு வட்டமா படிஞ்சே போச்சு. அதைப் பார்த்துட்டு தினமும் துடைச்சேனே தவிர, அங்க உக்கார ஒண்ணு போடணும்னு எனக்கு உறைக்க எட்டு மாசம் ஆச்சு. அம்மாச்சி வீட்டுத் திண்ணையில யாரு வேணாலும் வந்து உக்காருவாங்க, வளையல்காரர், மோர் விக்கிறவங்க, சும்மா வெயிலுக்கு ஒதுங்கினவங்க, உள்ள வாங்கன்னு சொல்ற வரைக்கும் உக்கார ஒரு இடம் இருந்துச்சு. ஃபிளாட்டுல அது இல்ல. பழைய கட்டில் பலகையைக் கொடுத்து தச்சர்கிட்ட ஒரு பெஞ்சு அடிச்சேன், ரெண்டடி நீளம், பதினாறு அங்குல உயரம், அடியில செருப்பு வைக்க ரெண்டு தட்டு. தட்டுக்கு மூடி போடாதீங்க, மழைக்காலத்துல ஈரச் செருப்பை உள்ள வச்சு மூடினா வர்ற நாத்தத்துக்கு எந்த ஊதுபத்தியும் ஈடு கட்டாது. ரேக்கை வெளிய காரிடார்ல வைக்கவும் ஆசைப்படாதீங்க, தீ கீ புடிச்சா எல்லாரும் ஓடுற வழி அது, எங்க அசோசியேஷன்ல எடுக்கச் சொல்லிட்டாங்க, அவங்க சொன்னதும் சரிதான். இப்ப சிலிண்டர் போடுற தம்பி மூணு மாடி ஏறி வந்து அந்த பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுட்டுதான் போறாரு.

அடுத்தது லைட்டு. இந்த ஒண்ணை மட்டும் மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. நம்ம வீடுகள்ல பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம்தான், கெல்வின்ங்கிறது வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற கணக்கு, பல்பு டப்பாவுலயே போட்டிருக்கும். அது படிக்க, அரிசில கல்லு பொறுக்க நல்லது. வாசல்ல அதைப் போட்டா பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுக்க வந்த மாதிரி இருக்கும். 2700ல இருந்து 3000 வரைக்கும் உள்ள மஞ்ச வெளிச்சம் வாங்குங்க, அஞ்சு வாட்ஸ் போதும், முடிஞ்சா உச்சியில போடாம பக்கவாட்டு சுவத்துல வர்ற மாதிரி பாருங்க.

கோலம் தினமும் போடுற அளவுக்கு நான் நல்ல பொண்ணு இல்ல, வெள்ளியும் ஞாயிறும்தான். போட்டாலும் ஏழு மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா மாப்பு போட்டுட்டுப் போயிடுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அது அவங்க வேலை. ஸ்டிக்கர் கோலம் ஓரம் உரிஞ்சு அழுக்கு சேர ஆரம்பிச்சதும் வெறுத்துப் போச்சு. இப்ப ரெண்டடிக்கு ரெண்டடி கடப்பா கல்லு ஒண்ணு, கல்லு கடையில வெட்டி மிச்சம் கிடந்த துண்டு, முந்நூறு ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து கதவுக்கு உள்பக்கம் போட்டுட்டேன். கருப்புக் கல்லுல அரிசி மாவு பளிச்சுன்னு எடுக்குது. ஏழுல ஆரம்பிச்சு நாலு வரைக்கும் இடுக்குப் புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட்டா அந்தக் கல்லுக்குள்ள சரியா உக்காந்துடும். எறும்பு வரும். வரட்டும், அதுக்கும் சேர்த்துத்தானே மாவு.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான விஷயம், நம்ம யாருன்னு தெரியுறது. எனக்கு அது பூட்டு. சிரிக்காதீங்க, எங்க ஊரு திண்டுக்கல்லு, என் தாய்மாமா பூட்டுப் பட்டறையில வேலை பார்த்தவரு. எல்லாம் கையால, அரம் போட்டு ராவி ராவி உள்ள லீவரை உக்கார வைப்பாங்க. வடக்க உத்தரப் பிரதேசத்து அலிகார்ல மெஷின்ல அடிக்கிற பூட்டு விலை கம்மியா வர ஆரம்பிச்சதும் பட்டறைங்க ஒவ்வொண்ணா கொறைஞ்சு போச்சு. 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் கிடைச்ச அதே சமயத்துலதான். மாமா வீட்டுப் பரண்ல டிரங்குப் பெட்டிக்குள்ள பழைய லுங்கில சுத்தி மூணு பூட்டு கிடந்துச்சு, ஒண்ணு மாங்காய்ப் பூட்டு, ஒண்ணு சாவியைத் திருப்பினா மணி அடிக்கிற பெல் பூட்டு, ஒண்ணு சின்னதா பித்தளையில. கேட்டதும் தூக்கிக் கொடுத்துட்டாரு.

முதல்ல ஓட்டை போட பயந்துக்கிட்டு டபுள் சைடு டேப்ல ஒட்டினேன். நடுராத்திரி ரெண்டு மணிக்கு மாங்காய்ப் பூட்டு டமால்னு விழுந்து, டைல்ஸ்ல கீறல், கீழ் வீட்டுல லைட்டு போட்டுட்டாங்க, என் வீட்டுக்காரர் திருடன்னு நெனச்சு குடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. மறுநாளே ஹவுஸ் ஓனர்கிட்ட நேரா கேட்டேன், நாலே நாலு ஓட்டை, காலி பண்றப்ப புட்டி போட்டு அடைச்சுத் தர்றேன்னு. ஒத்துக்கிட்டாரு. டேப், பசைன்னு ஏமாத்துறதை விட கேட்டுடுறது நல்லது. இப்ப ஒரு தேக்குப் பலகை, அதுல மூணு பூட்டு, அதுங்களுக்குக் கீழ கொக்கி, வண்டிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் அங்கதான் தொங்குது. வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க நேரா பெல் பூட்டுகிட்டதான் போகும், டிங் டிங்னு திருப்பிக்கிட்டே இருக்கும், பெரியவங்க சும்மா நிப்பாங்க, அப்புறம் "நான் ஒரு வாட்டி பார்க்கவா"ம்பாங்க. அந்தப் புத்தர்கிட்ட ஒருத்தரும் இப்படி நின்னதில்ல.

மாமா போன தடவை வந்தப்ப பார்த்துட்டு, "ஏன் தாயி, பூட்டைத் தொறந்தே போட்டு வச்சிருக்க?"ன்னாரு. "ஆமா மாமா, வர்றவங்க திருப்பிப் பார்க்கத்தான்"னேன். ஒண்ணும் சொல்லல. பெல் பூட்டைக் கழட்டி காதுகிட்ட வச்சு திருப்பிப் பார்த்துட்டு, "தேங்காண்ணெய் விட்டியா? எண்ணெய் விட்டா தூசி புடிக்கும், பென்சில் கரியைச் சுரண்டிப் போடு"ன்னாரு. பையன் பென்சிலைச் சுரண்டி அவரே போட்டுட்டுதான் பெஞ்சை விட்டு எந்திரிச்சாரு.

உங்களுக்கு அது பூட்டா இருக்காது, ஆனா ஏதோ ஒண்ணு பரண்ல கிடக்கும், கடையில போய்த் தேடாதீங்க. எதிர் வீட்டு அண்ணன் ரயில்வேல ரிட்டயர் ஆனவரு, பழைய கைவிளக்கு ஒண்ணை மாட்டி உள்ள சின்ன பல்பு போட்டிருக்காரு, அவர் வீட்டுக்குப் போனா கால் மணி நேரம் அது பத்தியே பேச்சு ஓடும். ஒண்ணு போதும், ரெண்டு போதும், பத்து வச்சா கண்காட்சி ஆயிடும்.

செடின்னா மணி பிளான்ட் போதும், வெயில் இல்லாட்டியும் வரும். தண்ணில வச்சா வாரம் ஒரு தடவை மறக்காம மாத்துங்க, உருளில பூ மிதக்க விடுறவங்களுக்கும் இதேதான், இல்லன்னா வர்றவங்களை முதல்ல வரவேற்குறது டெங்கு கொசுவா இருக்கும். மாவிலைத் தோரணம் பண்டிகைக்கு மட்டும், காஞ்சதும் கழட்டிடுவேன், பிளாஸ்டிக் தோரணம் என் வீட்டுல கிடையாது, மாமியார் கொடுத்ததைத் தவிர.

குடைக்கு மட்டும் இன்னும் வழி தெரியல. நவம்பர் மழையில நாலு பேரு சேர்ந்து வந்தா கடப்பா கல்லு மேலதான் சொட்டுது, கோலம் போயே போச்சு. யாராவது சின்ன இடத்துல ஈரக் குடைக்கு நல்லா ஏதாவது பண்ணிருந்தா கமென்ட்ல சொல்லுங்க.