முடிவு தெரிந்த நாடகத்துக்கு விடிய விடிய உட்காருகிறாரே!

கேள்வி: எங்களுக்கு மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம். போன மாதம் வீட்டு டிவியில் ‘கொட்டுக்காளி’ பார்த்தோம். எனக்கு மனசை என்னவோ செய்துவிட்டது. என் வீட்டுக்காரரோ, “முடிவையே காட்டாம எந்திரிச்சுப் போகச் சொல்றாங்க, இதெல்லாம் ஒரு படமா?” என்றார். “உங்களுக்குப் புரியல” என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ரெண்டு நாள் பேச்சு இல்லை. அதிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் “ஆமா, சுமார்தான்” என்று அவர் சொல்வதையே நானும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, நூலகத்தில் எடுத்த ‘காவல் கோட்டம்’ 300 பக்கத்தோடு நிற்கிறது. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு அருகதை உண்டா? திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்திருக்கிறார்கள். அவர் கூப்பிடுகிறார். போகட்டுமா?

பதில்: முதல் குட்டு உங்களுக்குத்தான், தங்கச்சி. அவர் குறை சொன்னது படத்தை. நீங்கள் குறை சொன்னது அவரை, அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. ரெண்டு நாளோடு போனதே பெரிசு.

அவருக்குப் புரியாமல் இருக்க அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? பெண்ணைப் பேயோ ஏதோ பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். கூடவே ஒரு சேவல். இதை மேலூர்க்காரருக்கு விளக்க வேண்டுமா? இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ உங்கள் அரிட்டாபட்டிப் பக்கம் எடுத்ததுதானே. அது 2021-ல் ராட்டர்டாம் படவிழாவில் டைகர் விருது வாங்கியபோது நம் ஊர் வெயிலுக்கே பரிசு கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தமும் ஆட்கள் பேச்சும்தான். எனக்கு அது பிடித்தது. ஆனால் வண்டிக்குப் பின்னாலேயே நம்மையும் ஓடவிடும் சில இடங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. இந்தக் குறையை என் வீட்டிலும் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை!

சரி, அவர் கோபமெல்லாம் முடிவு மேல். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. வள்ளி திருமணத்தின் முடிவு பெயரிலேயே இருக்கிறது. முருகன் வள்ளியைக் கட்டப்போகிறார் என்பது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலமாகி (1922) நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் ராத்திரி பத்து மணிக்கு ஜமுக்காளத்தை விரித்து, விடியும்வரை எதற்காக உட்கார்ந்திருக்கிறோம்? முடிவுக்காகவா?

தர்க்கத்துக்காக. தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் மோதுகிற அந்த ஒரு மணி நேரத்துக்காக. ஸ்பெஷல் நாடகத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி அழைத்து வருகிறார்கள். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊரிலிருந்து வருவார். மேடையில்தான் ஒருவர் சரக்கு இன்னொருவருக்குத் தெரியும். அதனால்தான் நேற்று கேட்ட தர்க்கம் இன்றைக்கு இருக்காது. நாரதர் ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி பதில் யோசிக்கிற நேரத்துக்கு ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றுவார். அந்த அரை நிமிஷத்தில் கூட்டமே மூச்சு விடாது. உங்கள் வீட்டுக்காரரும் விட்டிருக்க மாட்டார்.

ஆகவே அவரிடம் படத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். போன தடவை நாடகத்தில் தர்க்கத்தில் ஜெயித்தது யார் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். வாய்ப்பாகப் பார்த்து, “அந்தப் படத்துல ரோட்டுல ஒரு காளை மறிச்சு நிக்குமே, பெரிய ஆம்பளைங்கெல்லாம் முழிக்க, ஒரு சின்னப் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போகுமே, அது எப்படி இருந்துச்சுங்க?” என்று மெதுவாக விடுங்கள். மாட்டைப் பற்றி மேலூர்க்காரருக்குக் கருத்து இல்லாமல் இருக்காது. அதற்காகப் படம் பிடித்துவிட்டது என்று அவர் சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். சொல்ல மாட்டார். ஆனால் “சுமார்தான்” என்று நீங்களும் பொய்யாய்த் தலையாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு மனசு என்னவோ செய்தது, அந்த ஒரு இடத்தை மட்டும் சொல்லுங்கள். எனக்கு எழுதியதிலேயே அது இல்லை, பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்க ஆசை இருந்தால், சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ வாங்கி அவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். 1959-ல் வந்தது. நூறு பக்கம்கூட வராது. ஒரு மத்தியானத்து ஜல்லிக்கட்டுதான் மொத்தக் கதையும். வாடிவாசல் ஓரம் நின்று பேசிக்கொண்டே இருக்கும் கிழவனைப் போல் ஓர் ஆள் உங்கள் ஊரிலும் நிச்சயம் இருப்பார். போன பொங்கலுக்குத்தான் நான் மூன்றாவது தடவை படித்தேன். இந்தக் கதையில் முடிவு உண்டு, அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

‘காவல் கோட்டம்’ விஷயத்துக்கு வருகிறேன். மதுரையின் அறுநூறு வருஷத்தை ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய நாவல் அது. 2011-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. முதல் பாகத்துப் போர்களில் நானும் மூச்சு வாங்கி நின்றவள்தான். யார் யாருக்குப் பின்னால் பட்டத்துக்கு வந்தார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் தாளையும் தொலைத்தேன். தாதனூர் வந்ததும் கதை ஓட்டம் பிடித்தது. களவும் காவலும் ஒரே கைத்தொழிலாக இருந்த ஊர். இருட்டை அந்த ஆட்கள் படிக்கிற விதத்துக்காகவே திரும்பப் புரட்டியிருக்கிறேன். ‘அரவான்’ படத்துக்கும் இதில் ஒரு பகுதியைத்தான் எடுத்தார்கள். பெரிய இயக்குநரே ஒரு பகுதியோடு நிற்கும்போது 300 பக்கம் படித்த உங்களுக்கு என்ன வந்தது? “300 பக்கம்வரைக்கும் பிடிச்சிருக்கு” என்று அளவோடு சொல்லுங்கள், போதும். போர்க்களத்தில் மூச்சு முட்டினால் பத்துப் பக்கம் தள்ளிப் போங்கள். நூலகர் கேட்க மாட்டார்.

நாடகத்துக்குக் கட்டாயம் போங்கள். நான் பபூன், அதாவது கோமாளி, வந்து சிரிக்க வைத்து முடிகிறவரை பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். நாரதர் வந்ததும் எழுப்பச் சொல்லி வைப்பேன். நீங்களும் அவரிடம் சொல்லி வையுங்கள், எழுப்புவார்.