வாசகர் கேட்டவை: எரிகாயத்தின் பாகையும் சதவீதமும்

கேள்வி: நெல் அவிக்கும்போது கிடாரம் சரிந்து, என் கணவரின் வலது காலின் முன்பக்கம் முழுவதும் கொதிநீர் கொட்டிவிட்டது. வைத்தியசாலையில் தந்த அட்டையில் ‘இரண்டாம் பாகை எரிகாயம், 9 சதவீதம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். முதலாம் பாகைதான் மோசமானது, இரண்டாவதற்குப் பயப்படத் தேவையில்லை என்கிறார்கள் அயலவர்கள். அது சரியா? முதல் நாள் மேலோட்டமான காயம் என்ற வைத்தியர், நான்காம் நாள் சில இடங்கள் ஆழமானவை என்று ஏன் மாற்றிச் சொன்னார்?
— வாசகி, விசுவமடு

பதில்: வகுப்பில் முதலாம் பிள்ளை என்றால் எல்லோருக்கும் மேலே நிற்கும் பிள்ளை என்று பழகிய நமக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பே. ஆனால் எரிகாயத்தில் எண் கூடக் கூடக் காயம் தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். பாகை என்ற சொல் வெப்பமானியை நினைவூட்டினாலும், நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அது சொல்வதில்லை. ஜேர்மனியச் சத்திரசிகிச்சையாளர் பாப்ரிசியஸ் ஹில்டானஸ் 1607இல் எரிகாயங்களை மூன்று படிகளாகப் பிரித்தார். 1832இல் பிரான்சின் டுபுய்ட்ரன் அவற்றை ஆறாக்கினார். மூன்று படிகளே பேச்சில் நிலைத்துவிட்டன.

முதலாம் பாகையில் மேற்றோல் மட்டும் சிவந்து எரியும், கொப்புளம் வராது, ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். மூன்றாம் பாகையில் தோலின் முழுத் தடிப்பும் வெந்துபோயிருக்கும். நான்காம் பாகை என்று சிலர் எழுதுவது தசையையும் எலும்பையும் எட்டிய காயத்தை. சிக்கலெல்லாம் நடுவிலுள்ள இரண்டாம் பாகையில்தான் இருக்கிறது, ஏனெனில் இரண்டு வாரத்தில் தழும்பின்றி ஆறும் காயமும், மூன்று வாரம் கடந்தும் ஆறாமல் தோல் எடுத்து ஒட்ட வேண்டிய காயமும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே இன்று பல வைத்தியர்கள் எண்ணை விட்டுவிட்டு, தோலின் தடிப்பில் ஒரு பகுதி மட்டும் வெந்ததைப் பகுதித்தடிப்பு என்று கொண்டு, மேலோட்டமான பகுதித்தடிப்புக் காயம், ஆழமான பகுதித்தடிப்புக் காயம், முழுத்தடிப்புக் காயம் என்று எழுதுகிறார்கள். நாவுக்குக் கரடுமுரடாக இருந்தாலும் இந்தப் பெயர்களே நேர்மையானவை என்பது என் கருத்து.

மருந்து கட்டும்போது கவனித்திருப்பீர்கள்: கொப்புளத்தின் தோல் நீங்கிய இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும், அதை விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்தவுடன் மீண்டும் சிவக்கும். அது மேலோட்டமான காயம். அழுத்தியும் நிறம் மாறாத இடமும், வெளுத்த பின் சிவப்பு மெதுவாகவே திரும்பும் இடமும் ஆழமானவை. ஒரே காலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கலாம். மாற்றிச் சொன்னதற்காக வைத்தியரைக் குறை கூற முடியாது. வெந்து இறந்த பகுதியைச் சுற்றி, இரத்த ஓட்டம் தளர்ந்து, பிழைக்குமா இல்லையா என்று தெரியாத நிலையில் ஒரு வலயம் இருப்பதைப் பிரித்தானியச் சத்திரசிகிச்சையாளர் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் விளக்கினார். அந்த வலயம் இரண்டு மூன்று நாட்களில்தான் ஒரு பக்கம் சாயும். முதல் நாள் சொல்லும் ஆழம் பெரும்பாலும் மதிப்பீடே.

கேள்வி: அதே அட்டையில் உள்ள சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மருந்துக்கும் அதற்கும் தொடர்புண்டா?
— அதே வாசகி

பதில்: அது உடற்பரப்பின் பங்கு. வளர்ந்தவருக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, நடுவுடலின் முன்புறம் 18, அதன் பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கூட்டினால் 100 வரும். ஒரு காலின் முன்பக்கம் காலின் பாதி என்பதால் உங்கள் கணவருக்கு 9 வந்தது. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் தலைக்கு 18, காலுக்கு 14 என்று மாற்றிப் போடுவார்கள். திட்டுத் திட்டாக உள்ள காயத்துக்கு, காயப்பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையை ஏறத்தாழ 1 என்று கொண்டு அளப்பார்கள். வெறுமனே சிவந்த முதலாம் பாகைப் பகுதி இக்கணக்கில் சேராது.

பெரிய காயங்களில் இந்த எண்ணை வைத்தே சேலைனின் அளவை முடிவு செய்கிறார்கள். வழக்கிலுள்ள ஒரு சூத்திரம் ஒரு கிலோ எடைக்கும் ஒரு சதவீதக் காயத்துக்கும் 4 மில்லிலீற்றர் என்று கணக்கிடுகிறது; அதன்படி 60 கிலோ எடையும் 20 சதவீதக் காயமும் உள்ளவருக்கு 4 × 60 × 20, அதாவது முதல் 24 மணித்தியாலத்துக்கு 4,800 மில்லிலீற்றர் வேண்டும். பின்னர் சிறுநீர் போகும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். அந்த 4,800இல் பாதியை முதல் 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணித்தியாலம் காயம் பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. வாட்டில் சேர்த்த நேரத்திலிருந்து அல்ல. உள்ளூர்க் காட்டுப் பாதைகளில் வாகனம் தேடி இரண்டு மணித்தியாலம் கழிந்தால் மிச்சம் ஆறுதான். எத்தனை மணிக்குச் சுட்டது என்பதை மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: குப்பி விளக்கு சரிந்து எரிந்த என் தாயாருக்குத் தொடையில் வெள்ளையாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே வலியில்லை என்கிறார். ஆறி வருகிறதா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. நரம்பு முனைகளும் வெந்துவிட்டதால்தான் வலியில்லை. வெளுத்தோ கருகியோ, பதனிட்ட தோல்போல விறைத்திருப்பது முழுத்தடிப்புக் காயத்தின் அடையாளம். இன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: மின்சாரம் தாக்கிய என் தம்பிக்கு உள்ளங்கையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு காயமே இருந்தது. அதற்கு ஏன் வாட்டில் மறித்து வைத்தார்கள்?
— வாசகர், மாங்குளம்

பதில்: பாகையும் சதவீதமும் கைகொடுக்காத காயம் இதுதான். மின்சாரம் நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சிறு புள்ளிகளையே விட்டுவிட்டு, நடுவே தசைகளை அவித்துவிடக்கூடும். இதயத் துடிப்பையும் குழப்பக்கூடும். ஆகவே அட்டையில் ‘மின் எரிகாயம்’ என்று காரணத்தை முதலில் எழுதி, ஈ.சி.ஜி. எடுத்து, சிறுநீரைப் போத்தலில் பிடித்துப் பார்ப்பார்கள். சிதைந்த தசையின் நிறப்பொருள் அதில் இறங்கினால் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகும். அப்போது சிறுநீரகத்தைக் காப்பாற்ற, எந்தச் சூத்திரத்துக்கும் காத்திராமல் சேலைனைக் கூட்டிவிடுவார்கள்.