அதை ‘விபத்து’ என்று எழுதிக்கொடுக்காதீர்கள்

சைக்கிளில் போகும் ஒருவரை ஆத்திரத்தில் வேண்டுமென்றே இடித்து விழுத்தும் வாகனச் சாரதிமீது யாழ்ப்பாணத்தில் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா, அல்லது கொடுக்கும் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்ய முடியும். நான் செய்யப்போய்ப் பாதியில் கோட்டைவிட்டவன் என்பதால், எங்கே விட்டேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பின்னேரம் பலாலி வீதியில் கோண்டாவிலைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கத்தில் ஒரு லொறி சாமான் இறக்கிக்கொண்டு நின்றதால், அதைச் சுற்றிப் போகச் சற்று நடுவீதிக்கு வரவேண்டியிருந்தது. பின்னால் வந்த வானின் சாரதி வைத்த கையை எடுக்காமல் ஹோர்ன் அடித்தார். லொறியைக் கடந்ததும் நான் ஓரத்துக்கு வந்துவிட்டேன். விஷயம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அந்தச் சாரதி எனக்குச் சமமாக வானை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, “றோட்டென்ன உன்ர கொப்பன்ர காணியோ? இப்ப பார்!” என்று கத்திவிட்டு, முன்னால் போய் இடப்பக்கம் வெட்டிச் சடுதியாக பிறேக் பிடித்தார். நான் பின்கதவில் மோதி விழுந்தேன். முன்சில்லு வளைந்தது, வலது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு, பெல்லின் மூடி கழன்று உருண்டு மதகடியில் போய் நின்றது. வான் நிற்கவில்லை. ரியூசன் முடிந்து வந்த இரண்டு பிள்ளைகள்தான் வாகன இலக்கத்தைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி, மட்டையைக் கிழித்துத் தந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் மூன்று வரி. வான் ஒன்று முந்திச் சென்று திடீரென நிறுத்தியதால் விபத்து ஏற்பட்டு எனக்குக் காயம் உண்டாயிற்று என்றேன். அந்தச் சாரதி கத்திய வசனத்தைச் சொல்லவில்லை; என் தகப்பனாரை இழுத்துப் பேசியதை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் உத்தியோகத்தர் முன்னால் திருப்பிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பல தவணைகளின் பின் நீதவான் நீதிமன்றத்தில் அந்தச் சாரதி கவனயீனமாக வாகனம் செலுத்தியதாக ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வெளியே போனார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் என் முறைப்பாட்டின் பிரதியை வாசித்துவிட்டு, “அண்ணை, இதிலை அவன் உங்களைக் கண்டதாகவே இல்லையே” என்றார்.

அந்த ஒரு வசனத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் விபத்தைத் தவிர்க்கும் கடமையை 149ஆம் பிரிவும், பொறுப்பற்ற அல்லது கவனயீனமான செலுத்துகையை 151ஆம் பிரிவும் சொல்கின்றன. இவை தவறிப்போன கைக்கும் பிசகிப்போன கண்ணுக்குமான பிரிவுகள். கண்டு, திட்டி, முந்திப்போய் மறித்து விழுத்தியவருக்கு உரியது தண்டனைச் சட்டக்கோவை. வேண்டுமென்றே காயம் விளைவிப்பது அதன் 314ஆம் பிரிவிலும், பாரதூரமான காயம் விளைவிப்பது 316ஆம் பிரிவிலும் வருகின்றன. எலும்பு முறிவு பாரதூரமான காயமாகவே கணிக்கப்படுகிறது. வெருட்டுவதற்குத் தனியாக 486ஆம் பிரிவு இருக்கிறது. ஒரே நிகழ்வு இந்தப் பக்கம் விழுமா அந்தப் பக்கம் விழுமா என்பதைத் தீர்மானிப்பது சாரதியின் எண்ணம். அந்த எண்ணம் வெளியே தெரிவது அவர் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதிலும் செய்ததிலும்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நுணுக்கமல்ல. 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வைத்தியர் இரண்டு சைக்கிளோட்டிகளுக்கு முன்னால் போய், என்னுடைய வான்காரர் செய்த அதே வேலையைச் செய்தார். ஒருவர் காரின் பின்கண்ணாடிக்குள் முகம் அடிபட விழுந்தார். அவர்களுக்குப் பாடம் படிப்பிக்கவே பிறேக் பிடித்ததாக அந்த வைத்தியர் அங்கு வந்த பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்னது வழக்கில் சாட்சியமாயிற்று. 2010இல் ஐந்து வருடச் சிறை கிடைத்தது. 2011இல் அதே நகரசபை, சைக்கிளோட்டியைத் துன்புறுத்தும் சாரதிமீது பாதிக்கப்பட்டவரே நட்டஈட்டு வழக்குப் போடவும், வென்றால் சட்டத்தரணிக் கட்டணத்தையும் பெறவும் வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: முதலில் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், காயம் சிறிதென்றாலும் அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிப் பதியுங்கள்; சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பின்னால் உங்களுக்காகப் பேசும். பொலிஸில் தமிழிலேயே வாக்குமூலம் கொடுங்கள். இங்கு நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்பதால் அது சலுகையல்ல, உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்திடுங்கள். ஹோர்ன் எவ்வளவு நேரம் அடித்தது, கண்ணாடி இறங்கியதா, என்ன வார்த்தை, எத்தனை அடி முன்னால் போய் வெட்டினார், நிற்காமல் போனாரா எல்லாம் அதில் இருக்கவேண்டும். தூஷண வார்த்தையென்றால் தூஷணமாகவே இருக்கட்டும். அருகிலுள்ள கடைகளில் கமரா இருந்தால் அன்றைக்கே முதலாளியிடம் பதிவை எடுத்துவைக்கும்படி கேளுங்கள்; பழைய பதிவுக்கு மேல் புதியது ஏறிவிடும்.

அடுத்த நாள் சாரதியின் தமையனாரோ மாமனாரோ உங்கள் வீட்டுப் படலையடிக்கு வருவார். என்னிடம் வந்தவர் ஐயாயிரம் ரூபாயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். ஊரில் ஆளுக்காள் ஏதோவொரு வழியில் உறவு என்பதால் முகத்தை முறிப்பது கடினம். வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு இன்றும் ஒரு சின்னத் திருப்தி. விஷயம், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்க சபைக்குப் போகவும் கூடும். வேலித் தகராறுகளுக்கு அது நல்ல இடம்தான். ஆனால் அங்கு இணங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இணக்கமின்மைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். பொலிஸ் வழக்கே போடாவிட்டால், குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின்கீழ் சட்டத்தரணி ஒருவர்மூலம் நீங்களே நீதவானிடம் முறையிடும் வழியும் உண்டு.

நட்டஈடு வேறு பாதை. காணி, சீதனம் என்றால் நமக்கு யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமை. விழுந்து கை முறிந்தால் நாட்டின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டம். அந்த வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு வருடத்துக்குள் தொடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று நான் காத்திருந்து இதையும் தவறவிட்டேன்.

எதிர்த்தரப்பு உங்கள்மீது பழி சொல்ல இடம் வைக்காதீர்கள். லைற் இல்லாமல் இரவில் ஓடுவது, மூன்று பேராகக் கதைத்துக்கொண்டு வீதியை அடைத்துப் போவது எல்லாம் நம்மிடமும் இருக்கின்றன. தொண்ணூறுகளில் பெற்றோலே வராத காலத்தில் வீதி முழுவதும் நம்முடையதாக இருந்தது; அந்தப் பழக்கம் என் வயதுக்காரர் சிலருக்கு இன்னும் போகவில்லை. ஆயினும் நடுவீதியில் ஓடிய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் வான் சாரதியிடம் கொடுக்கவில்லை.

போன வருடம் அயல்வீட்டுப் பொடியன் ஒருவனை மோட்டார் சைக்கிளில் வந்தவர் காலால் உதைத்து விழுத்தினார். நானும் கூடப்போனேன். வழக்கு இன்னும் தவணையில்தான் இருக்கிறது. உதைத்தவர் சொன்ன வார்த்தைகளைப் பொடியன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்து, “ஐயா, இதையும் எழுதவோ?” என்று கேட்டார். எழுதச் சொன்னோம்.